மாவும் கத்தியும் வளர்த்த மேசை

1994 பிப்ரவரியில் லண்டன் ஏலக்கூடம் ஒன்றில் பழைய பைன் மரமேசை 1,100 பவுண்டுக்கு விலைபோனது. செதுக்கு வேலைப்பாடோ பெயர்பெற்ற தச்சரின் முத்திரையோ அதில் கிடையாது. போருக்குப் பின் பங்கீட்டு உணவில் சலித்திருந்த இங்கிலாந்துக்கு மத்தியதரைக்கடல் சமையலை எழுதிக் காட்டிய எலிசபெத் டேவிட், செல்சி வீட்டுச் சமையலறையில் வைத்திருந்த மேசை அது. சமைத்தது, சாப்பிட்டது, புத்தகங்களை எழுதியது எல்லாம் அதன்மேல்தான். 1992-ல் அவர் மறைந்தபின் சமையலறைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, சமையல் கலைஞர் ப்ரூ லீத் அதை வாங்கினார்.

அந்த ஏலச் செய்திதான் என்னைத் தேட வைத்தது. சாப்பாட்டு மேசையின் வரலாற்றை அரண்மனைகளிலும் ஓவியங்களிலும் பார்த்துவிடலாம். நறுக்கவும் பிசையவும் நின்ற மேசை எங்கிருந்து வந்தது? அதன் பலகைக்கு அந்த மரம் ஏன், அந்த உயரம் ஏன்? பழைய இல்லப் பராமரிப்பு நூல்களையும் சமையலறை வரைபடங்களையும் மரப்பொருள் கம்பெனிகளின் வரலாறுகளையும் புரட்டியபோது வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இறைச்சிக்கடைக்குப் போனது; மற்றொன்று மாவுப் பெட்டிக்கு.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எஃபிங்ஹாம் என்றொரு ஊர். அங்கே கான்ராட் பூஸ் என்ற கொல்லர், சைக்கமோர் மரத்தின் அடித்துண்டு ஒன்றை மூன்று கால்களில் நிறுத்தித் தன் பட்டறையில் வைத்திருந்தார். சம்மட்டி அடியின் அதிர்வை அந்தக் கட்டை வாங்கிக்கொண்டது. பட்டறைக்கு வந்த உள்ளூர் இறைச்சிக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். 1887-ல் தொடங்கிய தங்கள் தொழிலின் பிறப்பை இப்படித்தான் சொல்லிவருகிறது, கொல்லரின் மகன் பெயரைத் தாங்கிய 'ஜான் பூஸ்' கம்பெனி. எஃபிங்ஹாமில் இன்றும் அவர்கள் வெட்டுக்கட்டைகளும் சமையலறை மேசைகளும் செய்கிறார்கள்.

கொல்லரின் கட்டை கசாப்புக்கு ஏன் பொருந்தியது என்பதற்கு மரத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. மரத்தின் நார்கள் வேரிலிருந்து உச்சி நோக்கி ஓடுகின்றன. அடிமரத்தைக் குறுக்காக அறுத்து நிமிர்த்தி வைத்தால் நார்களின் முனைகள் மேலே பார்த்து நிற்கும். கத்தி விழும்போது அந்த முனைகள் விலகி இடம் கொடுக்கும். கத்தியை எடுத்ததும் ஓரளவு கூடிக்கொள்ளும். கட்டையில் வடு குறைவு, கத்தியும் சீக்கிரம் மழுங்காது. அமெரிக்க சைக்கமோரின் நார்கள் ஒன்றோடொன்று பின்னி வளர்பவை என்பதால் பலத்த வெட்டுக்கும் அது எளிதில் பிளக்காது. பின்னாளில் கடினமான மேப்பிள் துண்டுகளை நிமிர்த்தி நிறுத்தி, பசைபோட்டு இறுக்கிக் கட்டை செய்யும் முறை பரவியது. இன்றைய விலையுயர்ந்த மேசைகளின் பலகையில் தெரியும் சதுரங்கக் கட்டங்கள் அந்த முனைகள்தான். அழகுக்காகப் போட்டவை என்று அவற்றைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

மாவின் வழி வேறு. பிசையும்போது கத்தி கிடையாது. உடலின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக இறங்குகிறது. அதற்கு அகலமான, வழவழப்பான, நறுக்கும் இடத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த பலகை வேண்டும். பழைய ஐரோப்பிய வீடுகளில் ரொட்டிமாவைப் பிசைந்து புளிக்கவைக்க மரத்தொட்டி இருந்தது. அதற்குக் கால்கள் வைத்து, மூடியைப் பலகையாகப் பயன்படுத்தியபோது பெட்டியே மேசையானது. இத்தாலியக் கிராமங்களில் இன்னும் காணக்கிடைக்கும் 'மாதியா' இந்த வகை. அமெரிக்காவில் மேசைப் பலகைக்கு அடியிலேயே வளைந்த அடிப்பகுதி கொண்ட மாவு இழுப்பறைகள் வந்தன. மூலை இல்லாததால் கடைசிக் கைப்பிடி மாவையும் அள்ள முடிந்தது.

இவ்வளவும் தச்சர்களும் சமைப்பவர்களும் வேலையினூடே கண்டுகொண்டவை. அதை எழுத்திலும் வரைபடத்திலும் கொண்டுவந்தவர்களைத் தேடினால் முதலில் நிற்பவர் கேத்தரின் பீச்சர். தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869-ல் அவர் வெளியிட்ட 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' நூலில் ஒரு சமையலறையின் படம் இருக்கிறது. நீராவிக் கப்பலின் சமையற்கட்டைப் பார்த்துவிட்டு, இருநூறு பேருக்குச் சமைக்கும் சாமான்கள் அத்தனை சிறிய இடத்தில் அடங்கும்போது வீட்டில் பெண்கள் ஏன் இத்தனை தூரம் நடக்க வேண்டும் என்று யோசித்தவர் அவர். சன்னலோரமாக வேலைப்பலகை, பக்கத்திலேயே ஒரு பீப்பாய் மாவு கொள்ளும் பெட்டி. வேலைப்பலகையின் மேல் போட்டு எடுக்கும் தனிப்பலகை ஒன்று: ஒரு பக்கம் காய்கறிக்கும் இறைச்சிக்கும், திருப்பினால் மறுபக்கம் ரொட்டிமாவுக்கு. அதையடுத்துத் தொட்டி. எஃபிங்ஹாம் கட்டைக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே கத்தியும் மாவும் ஒரே பலகையின் இரு முகங்களாகச் சேர்ந்துவிட்டதை அந்தப் படத்தில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

பீச்சரின் எண்ணத்தைத் தொழிற்சாலைச் சரக்காக்கியவர்கள் இண்டியானாவின் ஹூசியர் கம்பெனியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சல்லடையோடு கூடிய மாவுக்கலம், மசாலா அடுக்கு, இழுத்து நீட்டும் வேலைப்பலகை எல்லாம் ஒரே அலமாரியில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

உயரம் பற்றிய கேள்வியைக் கையிலெடுத்தவர் கிறிஸ்டின் ஃப்ரெடரிக். ஆலைத் தொழிலாளியின் அசைவுகளை அளந்து பார்த்த டெய்லரின் முறையை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1912-ல் பத்திரிகைத் தொடராகவும் அடுத்த ஆண்டு நூலாகவும் அவர் எழுதியவற்றில், வேலைசெய்யும் பெண்ணின் உயரத்துக்கேற்ப மேசையும் தொட்டியும் அமைய வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னார். அரிவாள்மனையோடு தரையில் உட்கார்ந்து நறுக்கிய நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழ வழியில்லை. நின்று சமைக்கும் இடங்களில் அது முதுகுவலியாக வந்தது.

ஃப்ரெடரிக்கின் நூல் 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழிக்குப் போனது. அதைப் படித்தவர்களில் ஒருவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1926-ல் பிராங்பர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக, 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமான சமையலறையை அவர் வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. தேடலில் நான் அதிகம் நின்ற இடம் இதுதான். நவீனப் பொருத்துச் சமையலறையின் தாய் என்று எல்லோரும் கொண்டாடும் அந்த அறையில், மரத்தைப் பற்றிய பழைய தச்சறிவு அப்படியே இருக்கிறது. கறையையும் கத்தித் தடத்தையும் தாங்கும் என்று வேலைப்பலகைக்கு பீச் மரம். ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்து மிகுதி, புழு அண்டாது என்பதால் மாவுப்பெட்டிக்கு ஓக். பலகை சன்னலுக்கு நேர் கீழே, வெளிச்சம் விழும் இடத்தில். உட்கார்ந்து நறுக்க உயரம் மாற்றும் சுழல் முக்காலி. தோலையும் காம்பையும் பலகையிலிருந்தே தள்ளிவிடக் கழிவு இழுப்பறை.

ஆனால் மேசை சுவரோடு ஒட்டிக்கொண்டதும் அந்த அறையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவர் நீளப் பலகைகள் பெருகின. அவற்றின்மேல் ஃபார்மைக்கா என்ற பிளாஸ்டிக் தகடு ஏறியது. நான்குபுறமும் நின்று வேலைசெய்த மேசை பல வீடுகளை விட்டு வெளியேறியது. மரம் கிருமியைத் தேக்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்ற அறிவுரையும் சேர்ந்துகொண்டது.

அந்த அறிவுரையைச் சோதித்தவர் ஆய்வாளர் டீன் கிளைவர். மரப்பலகையிலிருந்து கிருமியை நீக்க வழி தேடித்தான் அவரும் உடன் ஆய்வாளர்களும் தொடங்கினார்கள். 1994-ல் வெளியான முடிவுகள் வேறு திசையைக் காட்டின. மரத்தில் விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டன. உயிரோடு மேலே திரும்பி வரவில்லை. புதிய பிளாஸ்டிக்கைக் கழுவுவது எளிது. கத்தி கீறிய பிளாஸ்டிக்கைச் சுத்தமாக்குவதோ கடினம். இதனால் மரப்பலகையைக் கழுவாமல் விடலாம் என்று பொருளல்ல. மரத்தின் மேல் சுமத்திய பழி அவ்வளவு பொருந்தாது என்பதே செய்தி.

மேசை திரும்பிவந்த கதை மீண்டும் எலிசபெத் டேவிட்டின் குடும்பத்தைத் தொடுகிறது. அவருடைய சகோதரியின் மகன் ஜானி கிரே, கட்டடக்கலை படித்தவர். 1980-களில் சுவரோடு பிணைக்காத சமையலறை என்ற கருத்தை முன்வைத்து, தனித்தனி மரச்சாமான்களால் அறையை நிரப்பினார். சமைப்பவர் அறையைப் பார்த்து நிற்கும்படி நடுவில் வேலைமேசை. நறுக்கும் இடம் ஓர் உயரம், மற்ற வேலைக்கு வேறு உயரம். கைவினைத் தச்சர்களிடம் இன்று மேசை செய்யச் சொல்பவர்கள் கேட்கும் அமைப்பு பெரும்பாலும் இதன் வழிவந்தது.

அப்படியொரு மேசையின் தரத்தை மேற்பரப்பைவிட அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். மரம் நீளவாக்கில் மாறுவதே இல்லை எனலாம். அகலவாக்கில் காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். இரண்டடி அகல மேப்பிள் பலகை பருவம் மாறும்போது கால் அங்குலம்வரை நகரும். இதை அறிந்தவர் பலகையைச் சட்டத்தோடு அசையாமல் இறுக்க மாட்டார். திருகுக்கு நீள்துளை விட்டு, பலகை நகர இடம் வைப்பார். இறுக்கிப் பொருத்தினால் ஒரு குளிர்காலத்திலேயே வெடிப்பு விழும். பூச்சுக்கு உணவுத்தர மினரல் ஆயில் போதும். சமையல் எண்ணெய் பூசினால் சிக்குவாடை வரும்.

உயரத்துக்கு வருவோம். அமெரிக்க வழக்கில் வேலைப்பலகை 36 அங்குலம் என்று நிலைத்துவிட்டது. ஆறடி இரண்டு அங்குல உயரமுள்ள சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டுக்கு அது தாழ்வு. கேம்பிரிட்ஜ் வீட்டில் கணவர் பால் மேப்பிள் பலகைகளை 38 அங்குலத்துக்கு உயர்த்தி அமைத்தார். அந்தச் சமையலறையை ஜூலியா 2001-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதன் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் பலகைகள் அதே உயரத்தில் இருக்கின்றன. இன்றைக்கும் வீட்டுக்கென்று தனியாக மேசை செய்துதரும் நல்ல தச்சர், மரம் தேர்வதற்கு முன் சமைப்பவரை நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து அளவெடுக்கிறார். நறுக்க அதற்குச் சில அங்குலம் கீழே. பிசைய இன்னும் கொஞ்சம் கீழே.