உடையாத குழாயையும் எண்ணு

கியா பார்ம்

அன்பு மருமகள் தேவிக்கு,

ராத்திரி இரண்டு மணிக்கு நீ அனுப்பிய படத்தில் உன் கண்ணைப் பார்த்தேன். சோறு தின்கிறாயா, இல்லை மேகி மீதானா? அத்தை முட்டைக்கோஸ் விலை விழுந்துவிட்டதென்று புலம்புகிறாள். ஞாயிறானால் சந்தைப் பக்கம் கார் நகர வழியில்லை.

தண்ணீர்க் குழாய் உடைப்பு பற்றிய உன் ஆய்வைப் படித்தேன். 1979இல் ஷமீரும் ஹவர்டும் சொன்னபடி, வயது ஏற ஏற உடைப்பு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பெருகும் எனக் கோடு போட்டிருக்கிறாய். கோடு அழகுதான். ஆனால் பள்ளம் தோண்டியவனுக்கு அதில் பாதிதான் ஒப்பும். இந்த மலையில் பத்து மீட்டர் கீழிறங்கினால் குழாய்க்குள் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடும். ஊர் தூங்கினதும் தண்ணீர் பிடிக்க ஆளில்லை, அழுத்தம் இன்னும் ஏறும். உடைப்பைச் சரிசெய்ய விடிகாலையில் நாங்கள் ஓடியதெல்லாம் அதனால்தான். ஒரே வருஷம் புதைத்த இரண்டு குழாயில் மேட்டிலிருப்பது சும்மா கிடக்கும், பள்ளத்திலிருப்பது உயிரை வாங்கும். வயதோடு அழுத்தத்தையும் சேர்.

அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயை உனக்குக் காட்டினேனே, சரிவில் மண் நகர்ந்தால் குறுக்கே வட்டமாகப் பிளக்கும். உள்பக்கத்தை நகத்தால் கீறினால் மாவாக உதிரும். மலைத்தண்ணீர் மென்னீர், சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகும். இதுவும் உன் பட்டியலில் ஒரு பத்தியாக வரட்டும்.

அடுத்தது பெரிய சங்கதி. நீ எடுத்தது உடைந்த குழாய்களின் பதிவு மட்டும். இழவு வீட்டுக் கணக்கை வைத்து ஊரின் ஆயுசைச் சொல்வார்களா? உடையாதவை இத்தனை வருஷம் தாங்கியதும் கணக்கில் வரவேண்டும். 1972இல் காக்ஸ் தந்த முறை அதற்கு இடம் தருகிறது என்று எனக்கு வகுப்பெடுத்தவளே நீதானே! அப்புறம் ஏன் விட்டாய், அவசரமா? பதிவேடு தொடங்கும் முன்பே உடைந்து மாற்றியதும் உண்டு. இன்று மிஞ்சியிருக்கும் பழசு கெட்டியானது. அதைப் பார்த்து, பழைய குழாயே நல்லதென்று எழுதிவிடாதே.

நம் மலேசியாவில் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான பகுதி காசாகத் திரும்புவதில்லை. எல்லாம் உடைப்பால் அல்ல. ஓடாத மீட்டரும் திருட்டும் உண்டு. ஆனால் எந்தத் தெருவை முதலில் மாற்றுவது என்று தெரிந்தால் காசு வீணாகாது. அதனால்தான் உன்னை இவ்வளவு படுத்துகிறேன்.

அஸ்பெஸ்டாஸ் குழாயில் மாதிரித் துண்டு வெட்டும்போது ஈரப்படுத்தச் சொல், முகமூடியைக் கழற்றாதே. தீபாவளிக்கு வா, என் பழைய வேலை நோட்டுகளைத் தருகிறேன். தேதி, இடம், ஆழம் எல்லாம் இருக்கிறது. கையெழுத்துத்தான் எனக்கு மட்டும் புரியும்; நான் வாசிக்க வாசிக்க நீ எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா