ஒரு வீடு, இரு பள்ளிகள்

புதிதாக ஒருவரைக் கண்டால் ஊரும் பேரும் கேட்ட பின்னர் நம்மவர் தவறாமல் கேட்கும் மூன்றாவது வினா, "எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?" என்பது. விடையைக் கேட்டதும் கேட்டவர் முகத்தில் ஒரு சிறு மாறுதல் தோன்றும். பட்டம் பெறும் நிலைக்கு வந்த பின்னரும் அவ்வினா நம்மை விட்டபாடில்லை. அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அதற்கு நடுவர்கள் பலர் உளர். ஒரே வீட்டில் இரண்டு பள்ளிகளும் குடியிருந்தால் என்ன நேரும் என்பதை மட்டும் எழுத விழைகிறேன்.

எங்கள் நாமக்கல் மாவட்டத்தைப் பற்றி வெளியூரார் அறிந்தவை இரண்டு. ஒன்று முட்டை, மற்றொன்று விடுதிப் பள்ளி. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரிக்கு வாயிலாக இருந்தது. அம்மதிப்பெண்ணைத் தேடி எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் இங்கு வந்து குவிந்தனர். அந்தக் காற்று விசைத்தறி ஓட்டும் என் தந்தையின் மீதும் வீசியது. "பையனாவது இங்கிலீசுல படிக்கட்டும் கண்ணு" என்றார். நான் நடந்து போகும் தொலைவிலிருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குச் சென்றேன். அம்மா படித்ததும் அங்கேதான். 1982இல் வந்த சத்துணவுத் திட்டத்தில் உண்டு வளர்ந்தவர் அவர். தம்பிக்குத் தெருமுனையில் மஞ்சள் வேன் வந்தது. ஒவ்வொரு சூன் மாதமும் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

விந்தை என்னவெனில், நாங்கள் இருவரும் படித்தது ஒரே பாடம். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்த கல்வியை ஒன்றாக்கவே 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு ஆட்சி மாறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள்தான் தீர்ப்பு வந்தது. அந்தச் சூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள் நான். என் பள்ளி வாழ்வு அந்த வழக்குக்கு நடுவே தொடங்கிற்று! அந்தப் பொதுப் பாடநூலைத் தமிழில் நான் படித்தேன். இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலத்தில் தம்பி படித்தான். அவன் புத்தகத்திலிருந்த படங்களும் என் புத்தகத்திலிருந்த படங்களும் ஒன்றே.

அப்படியாயின் வேறுபாடு எங்கே இருந்தது? வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது தம்பியின் இணைய வகுப்புக்குப் போயிற்று. கட்டணம் கட்டியாயிற்று அல்லவா? எனக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே என்றார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. ஒளிபரப்பாகும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அன்றைய பாடம் போனதுதான். தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்கவும் இயலாது. தம்பியோ திரையைப் பார்த்து, "மிஸ், ஒரு டவுட்" என்பான். பதில் வரும். பதில் வரும் என்ற நம்பிக்கையோடு ஒருவன் வாய் திறப்பதை நான் முதன்முதலாகக் கூர்ந்து கவனித்தது அப்போதுதான்.

சட்டங்கள் பின்னர் வேறு திசையில் சென்றன. 2017 முதல் நீட் தேர்வு வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. தம்பி விடுதியில் இரண்டாண்டு அடைந்து கிடந்து 2025இல் வெளியே வந்தபோது அவனுக்கு அதில் இடமில்லை. முழுக் கட்டணத்தில் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். எனக்கோ 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி மாதம் 1,000 ரூபாய் வங்கியில் விழுகிறது. அப்பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தம்பியின் கட்டணத்துக்காக வைத்த சங்கிலியின் வட்டிக்கு. அப்பா இதுபற்றி ஒன்றும் பேசுவதில்லை. அம்மா ஒரே ஒரு முறை சிரித்தார்.

அரசுப் பள்ளி எனக்கு ஒன்றும் தரவில்லை என்று கூறினால் அது பொய். சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு, பேருந்துப் பயண அட்டை என்று பன்னிரண்டு ஆண்டும் படிவங்களோடு பழகியவள் நான். வகுப்பில் பாதிப் பேருக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். இன்று எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டுமானால் என்னைத்தான் தேடுகிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்பது தம்பிக்குத் தெரியாது. ஆனால் வங்கி மேலாளரோ மருத்துவரோ எதிரில் அமர்ந்தால் அப்பா தம்பியைத்தான் முன்னே தள்ளுகிறார். வீட்டின் எழுத்து என்னிடம். வீட்டின் பேச்சு அவனிடம்.

சென்ற ஆண்டு வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். என் முறை வந்ததும், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார் ஓர் இளைஞர். எல்லோரும் இதை ஆங்கில அச்சம் என்பார்கள். வினா எனக்குப் புரிந்தது. சொற்களும் ஓரளவு இருந்தன. தமிழில் கேட்டிருந்தாலும் நான் விழித்திருப்பேன். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், கைகட்டி அமைதியாக இருப்பதே நல்லொழுக்கம் என்றிருந்த இடத்தில், "உன்னைப் பற்றிச் சொல்" என்று பன்னிரண்டு ஆண்டுகளில் எவரும் என்னைக் கேட்டதில்லை. அறுபது பேரை ஒருவர் கேட்டு முடிக்கவும் முடியாது; அந்த ஆசிரியர்களை நான் குறை கூற மாட்டேன். தனியார் பள்ளி காசு வாங்கிக்கொண்டு தந்தது ஆங்கிலம் என்று ஊர் எண்ணுகிறது. நான் பார்த்த அளவில் அது தந்தது, கேட்டால் பதில் கிடைக்கும் என்னும் பழக்கம். அப்பழக்கம் இல்லாதவர் ஊதியம் பேசும் இடத்திலும், பதவி உயர்வு கேட்கும் இடத்திலும், மருத்துவமனையில் நோயைச் சொல்லும் இடத்திலும் கூட வாய் மூடி நிற்பர்.

நம் கல்லூரியில் என்னைப் போன்றவர்களே மிகுதி. இந்த மூன்றாண்டு போனால் நம்மைப் பேசச் சொல்லிக் காத்திருக்க வெளியே எவருமில்லை. ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம்: கருத்தரங்குக்கு எப்போதும் முன்வரும் அந்த நான்கு பேரை விட்டு, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி அழையுங்கள்.

எங்கள் துறையில் இவ்வாண்டு ஒருவர் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். ஆளுக்கு ஐந்து நிமிடம், தமிழிலும் பேசலாம், தெரிந்த எதைப் பற்றியும் பேசலாம். என் முறை டிசம்பரில் வந்தது. தறி ஓடும்போது பாவு நூல் அறுந்தால் அதைக் கண்டுபிடித்து முடிச்சிடும் வகையைப் பற்றிப் பேசினேன். மணி அடித்த பின்னும் வினாக்கள் வந்தன. மீட்டருக்கு அப்பாவுக்கு என்ன கூலி என்பது முதல் வினா.