சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

என் வீட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் அந்த இடத்தில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையோ, பையன் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பையோ இருக்கும். என் வீட்டில் ராணுவம் இருக்கிறது. இரண்டு டாங்க், ஒரு ஹெலிகாப்டர், ஒரு போர் விமானம், நாலைந்து ஜீப். ஏறி உட்கார, சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் உயரமான முப்பது சொச்சம் சிப்பாய்கள்.

வருகிற விருந்தாளிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ‘‘பையனுக்கு டாய்ஸ்னா ரொம்பப் பிடிக்குமோ?’’

என் மனைவி பதில் சொல்ல ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்வதில்லை. ‘‘பையன் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறான். இதெல்லாம் இவரோடது.’’

அப்போது அவர்கள் என்னைப் பார்ப்பார்கள் பாருங்கள், ஒரு பார்வை... காலேஜில் அக்கவுன்டன்ஸி பேப்பரில் அரியர் வைத்தபோது என் அப்பா பார்த்தது. அதற்கப்புறம் இவர்கள்தான்.

இந்த வாரம் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொம்மைகளுக்குப் பெயர் ஜி.ஐ. ஜோ. அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி 1964-ல் கொண்டுவந்தது. அப்போது ஓர் அடி உயரம். துணியில் தைத்த சட்டை, கழற்றி மாட்டுகிற பூட்ஸ். சட்டை மாற்றி விளையாடுகிற பொம்மையை ஆம்பளைப் பையன் தொடுவானா என்று கம்பெனிக்கு பயம். அதனால் ‘டால்’ என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக் கூடாது என்று முடிவு செய்து, ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றினால் சரக்கு விற்கும் என்பது நம் ஊர் ஜோசியர்களுக்கு முன்பே தெரியும்.

விற்றது. அப்புறம் வியட்நாம் போர் வந்தது. தினமும் டி.வி.யில் நிஜச் சிப்பாய்கள் சாவதைப் பார்த்த அமெரிக்க அப்பா அம்மாக்களுக்கு, பொம்மைச் சிப்பாய் கசந்துவிட்டான். அவனுக்குத் தாடி வைத்து, காடு மலை சுற்றும் சாகசக்காரனாக்கிப் பார்த்தார்கள். அதற்குள் பெட்ரோல் விலை ஏறி, கூடவே பிளாஸ்டிக் விலையும் ஏறி, எழுபதுகள் முடிவதற்குள் கடையை மூடினார்கள்.

1982-ல் அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை உயரம் மூன்றேமுக்கால் அங்குலம்!

இங்கேதான், ஒரு பி.காம்.காரனாக, நான் எழுந்து நின்று கைதட்டுவேன். ஓர் அடி உயரச் சிப்பாய்க்கு ஜீப் செய்தால் அது சமையலறை மேடை அளவுக்கு வரும். எந்த அப்பா வாங்குவார்? ஆளைச் சின்னதாக்கினால் வண்டியும் சின்னதாகும். ஆள் விலை குறைவு, சட்டென்று வாங்கிவிடலாம். ஆனால் வாங்கி வந்தவனுக்கு நடந்தே யுத்தத்துக்குப் போகவா முடியும்? ஒரு ஜீப் வேண்டும். அப்புறம் டாங்க். அப்புறம் விமானம். கல்யாணம் முடிகிறவரை மாப்பிள்ளை எளிமையானவர்தான். தலைதீபாவளிக்குத்தானே ஸ்கூட்டர் கேட்பார்! அது மாதிரி.

முதல் வருடமே டாங்க்கும் ஜீப்பும் வந்தன. 1983-ல் போர் விமானம், ஹெலிகாப்டர். 1985-ல் ‘யு.எஸ்.எஸ். ஃப்ளாக்’ என்று ஒரு விமானம் தாங்கிக் கப்பலையே இறக்கினார்கள். நீளம் எவ்வளவு தெரியுமா? ஏழரை அடி! அதை வாங்கிக் கொடுத்த அப்பாக்களுக்கு நிஜமாகவே ஏழரைதான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவிடம் உரிமம் வாங்கி இந்தச் சிப்பாய்களை இங்கேயே தயாரித்தது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் இல்லாத கலரில் எல்லாம் நம் ஜோக்கள் சட்டை போட்டிருப்பார்கள். அதற்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தியச் சிப்பாய்களைத் தேடி வாங்குகிறார்கள்.

சேகரிப்பவர்கள் உலகத்துக்கென்று தனி வியாதிகள் உண்டு. சிப்பாயின் இடுப்புக்குள் கருப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மேல் உடம்பையும் காலையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். இருபது முப்பது வருடத்தில் ரப்பர் இற்றுவிடும். ஒருநாள் அலமாரியைத் திறந்தால், வீரர் இடுப்போடு இரண்டாகக் கிடப்பார். முதுகில் இருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, அதே அளவு வளையம் தேடிப் போட்டால் எழுந்து நிற்பார். வெள்ளை விமானம் வெயில் பட்டுப் பட்டு, பழைய மிக்ஸி மாதிரி மஞ்சளாகிவிடும். டாங்க்குக்குள் மறந்துபோன பேட்டரி கசிந்து தகரத்தைத் தின்றிருக்கும்.

ஆனால் பெரிய வியாதி, காணாமல் போன உதிரி. ஏவுகணை, ஆன்டெனா, ஸ்டியரிங். இவை எல்லாம் நகம் அளவுதான். சோபா இடுக்கிலும், சாக்கடையிலும், தம்பிப் பாப்பாவின் வாயிலும் போய்ச் சேர்ந்தவை. எல்லா உதிரியும் இருக்கிற வண்டிக்கு ஒரு விலை. ஒன்று குறைந்தால் வேறு விலை. தனியாக உதிரி மட்டும் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ரீ-இஷ்யூ. பழைய வண்டியைக் கம்பெனியே மறுபடி வெளியிடுவது. பழைய இரும்பு அச்சுகள் பிரேசில், அர்ஜென்டினா, இந்தியா என்று ஊர் ஊராகப் போய்ப் பிளாஸ்டிக் வார்த்தவை. அச்சும் தேயும். அதனால் பல சமயம் புது அச்சு வெட்டுவார்கள். 2022-ல் 1983-ஆம் வருடத்து வில்லன் டாங்க் ஒன்றைப் பெரிய அளவில் செய்து தர, ஹாஸ்ப்ரோ ஜனங்களிடமே முன்பதிவு கேட்டது. போதுமான பேர் சேர்ந்தால்தான் தயாரிப்பு. சேர்ந்தார்கள். அத்தனை பேரும் என்னைப் போல நரை விழுந்த பையன்களாகத்தான் இருப்பார்கள்.

சரி, இதில் நான் எப்படி வந்து மாட்டினேன்?

1986. திருச்சி உறையூர். எனக்கு எட்டு வயது. கீழே நாலு குடித்தனம், அதில் ஒன்று நாங்கள். மாடியில் வீட்டுக்காரர். அவர் பையனும் நானும் ஒரே வகுப்பு. அவன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வந்தபோது, தன் பிள்ளை விளையாடிச் சலித்த ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார். பச்சை நிறம். பின்னால் இரட்டைக் குழல் துப்பாக்கி. மாட்டிக் கழற்றுகிற மாதிரி குட்டியாக இரண்டு பெட்ரோல் கேன்கள். அந்த மாதிரி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ‘‘தொட்டுப் பாரு, ஆனா ஓட்டக் கூடாது’’ என்றான்.

தொட்டுப் பார்த்தேன். கேன் ஒன்று கையோடு வந்துவிட்டது. திருட வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் திருப்பி மாட்டவும் இல்லை. டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மாடியில் ஒரே கூச்சல். அங்கே பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவார். கூடவே எங்கள் வயதில் ஒரு பையன் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். ‘‘வேற யாரு எடுத்திருப்பா?’’ என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். படியிலேயே அவன் சட்டையைக் கழற்றி உதறிப் பார்த்தார்கள். நான் நாலு படி கீழே நின்றுகொண்டிருந்தேன். என் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. கேன் என் விரலுக்குள் இருந்தது.

மறுநாளிலிருந்து அந்த அக்கா வேலைக்கு வரவில்லை.

கேனை பென்சில் டப்பாவில் வைத்தேன். பிறகு ஜியாமெட்ரி பாக்ஸ். சென்னைக்கு வந்தபோது சூட்கேஸ் உறை. கல்யாணத்துக்குப் பிறகு பீரோ லாக்கர். எறியவும் முடியவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை.

2011-ல் ஒரு கட்டுரைக்காகப் பழைய பொம்மைகளின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஜீப்பைப் பார்த்தேன். 1982-ஆம் வருட மாடல், பெயர் ‘வாம்ப்’ என்பது அன்றைக்குத்தான் தெரியும். வாங்கினேன். ஒரு கேன் இல்லாததால் எனக்கு மலிவாகக் கிடைத்தது. லாக்கரைத் திறந்து என் கேனை எடுத்து மாட்டினேன். ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஜீப் முழுசாகிவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிற்றைப் பிசைந்தது. உடனே கழற்றி லாக்கரில் வைத்துவிட்டேன்.

பிறகுதான் டாங்க் வாங்கினேன். ஹெலிகாப்டர் வாங்கினேன். வெறும் ஜீப் ஒன்று அலமாரியில் நின்றால், ‘‘இது எதுக்கு?’’ என்று யாராவது கேட்பார்கள். ஒரு ராணுவமே நின்றால், பைத்தியம் என்று நினைத்துப் போய்விடுவார்கள். விருந்தாளிகளின் பார்வைக்கு என் பதில் இதுதான். நகம் அளவு கேனை மறைக்க எனக்கு ஒரு ராணுவம் தேவைப்பட்டது.

நடுவில் ரீ-இஷ்யூ ஜீப் ஒன்றும் வாங்கினேன். பெட்டி பிரிக்காமல் நண்பனிடம் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று ஓர் எண்ணம். ஆசை தாங்காமல் பிரித்து, பழைய கேனை அதில் மாட்டிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பார்வைக்கு அதே ஜீப். ஆனால் அச்சு வேறு.

போன வருடம் நண்பனுக்கு போன் செய்து சொல்லியே விட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். ‘‘அந்த ஜீப்பாடா? காயலான் கடைக்குப் போயி முப்பது வருஷம் ஆச்சு!’’ சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ‘‘டேய், அந்தக்கா பையன் பாவம்டா’’ என்றான். ‘‘இப்ப அங்கேயே டூவீலர் மெக்கானிக் ஷாப் வெச்சிருக்கான். அக்கா போய்ச் சேந்துட்டாங்க.’’

போனேன். ஒரு பல்சரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லி, கேனை நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. ‘‘எடுத்தது நான்தாங்க’’ என்பது மட்டும்தான் வந்தது.

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ‘‘இத்துனூண்டா சார்? நான் இன்னும் பெருசா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்.’’

அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

‘‘அவங்க சட்டைய உதறுனதுகூட மறந்துடுச்சு சார். அன்னிக்கு ராத்திரி, நான் தூங்கிட்டேன்னு நெனச்சு, எங்கம்மா என் டவுசர் பாக்கெட்டத் தடவிப் பாத்துச்சு. அதான் மறக்கல. கடைசி வரைக்கும் அதப்பத்திக் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல.’’

என்னால் நிற்க முடியவில்லை. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன். அவரே டீ சொன்னார். நான் காசு எடுத்தபோது, ‘‘வேணாம் சார், நம்ம கடைதான்’’ என்று தடுத்துவிட்டார். கிளம்பும்போது கேட்டார். ‘‘இத நான் வெச்சுக்கட்டா? அம்மா போட்டோகிட்ட வெச்சுடுறேன். பாத்துக்கட்டும்.’’

பி.காம். முதல் வருடத்தில் ஒரு பாடம் வரும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். இரண்டும் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’டில் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிறவரை அது அங்கேயே இருக்கலாம். ஆனால் எங்கே என்று தெரிந்த பிறகும் அங்கேயே வைத்திருக்கக் கூடாது. எனக்கு முதல் நாளே தெரியும். அந்த அக்கா இருக்கும்வரை வைத்திருந்துவிட்டேன். போன பிறகு கொண்டுபோய்க் கொடுத்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம் என்னைப் போலவே சேகரிக்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். அலமாரி முழுக்கப் பார்த்துவிட்டு ஜீப் முன்னால் நின்றார். ‘‘எல்லாத்தையும் பாத்துப் பாத்து கம்ப்ளீட் பண்ணியிருக்கீங்க, இதுல மட்டும் ஒரு கேன் மிஸ்ஸிங்கே சார்? டூப்ளிகேட் கிடைக்குது. வாங்கித் தரட்டுமா?’’

‘‘மிஸ்ஸிங் இல்ல சார். அது உறையூர்ல இருக்கு’’ என்றேன்.