கோணவாள் வாங்கப் போகுமுன்

கைவாளால் பலகை அறுத்துப் பழகியோர் ஓர் உண்மையை அறிவர். பலகையை இரண்டாக்குதல் எளிது. அறுத்த முகத்தை மூலைமட்டத்துக்கு ஒப்ப நிறுத்துதலே அரிது. தேர்ந்த ஆசாரியாரின் கைக்கு அது பல்லாண்டுப் பழக்கத்தினால் வருகின்றது. ஓய்வு நாள்களில் மட்டும் விறாந்தையிற் பலகையோடு மல்லாடும் எம்போன்றோருக்கு அப்பழக்கம் எளிதில் வாய்ப்பதன்று. அக்குறையை நிரப்பவே மின்சாரக் கோணவாள், பட்டறைகளைவிட்டு இப்போது வீடுகளுக்குள்ளும் புகுந்திருக்கின்றது.

அதன் அமைப்பு சிக்கலானதன்று. திரும்பக்கூடிய ஒரு சிறு மேடை. பலகையைச் சாய்த்து நிறுத்த ஒரு தடுப்பு. மேலே கீலொன்றிற் பொருத்திய மோட்டாரும் வட்டத் தகடும். பிடியை அழுத்தினால் தகடு இறங்கிப் பலகையைக் குறுக்கே அறுக்கும். மேடையைத் திருப்பினால் 45 பாகை வரையும் சாய்வாக அறுக்கும். இத்தலைப்பகுதி தண்டுகளின்மேல் முன்னும் பின்னும் நகருமாயின் அதனையே கடைக்காரர் ‘சிலைடிங் மைற்றர் சோ’ என்பர். நாம் சறுக்குக் கோணவாள் என்போம். நகராத வாளில் 254 மில்லிமீற்றர்த் தகடு இருந்தாலும், ஏறக்குறைய 140 மில்லிமீற்றர் அகலப் பலகையே அறுபடும். நகரும் வாளிலோ, 216 மில்லிமீற்றர்த் தகடுகூட 300 மில்லிமீற்றர் அகலம் வரை அறுக்கவல்லது. இவ்வேறுபாடே பலரை மயக்கி, தேவை உண்டோ இல்லையோ, சறுக்கு வாளின்பால் இழுக்கின்றது.

நாமும் இழுக்கப்பட்டோம். ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபின், இறக்குமதிக் கருவி ஒன்றை வாங்குவதென்பது ஒரு நடுத்தரக் குடும்பம் கூடிப் பேசவேண்டிய காரியமாகிவிட்டது. எம் இல்லத்தரசியிடம் விடயத்தை எடுத்தபோது, “இஞ்சருங்கோ, மெசின் வாங்கிறது இருக்கட்டும். என்னென்ன அறுக்கப் போறியள் எண்டு முதலிலை ஒரு கடதாசியிலை எழுதுங்கோ” என்ற ஒரே மறுமொழிதான் வந்தது. கருவிகளைப்பற்றி நாம் படித்த நூறு பக்கங்களினும் அந்த ஒரு வாக்கியம் மிகுந்த பயன் தந்தது.

எழுதினோம். பிள்ளைகளின் புத்தகங்களுக்கு ஒரு றாக்கை. அதன் தட்டுகள் 280 மில்லிமீற்றர் அகலம். கறையான் அரித்த யன்னற் கதவுகள் நான்கு. அவற்றின் சட்டங்கள் 75 மில்லிமீற்றர் அகலமும் 35 மில்லிமீற்றர் தடிப்பும் உடையவை. சுவரில் மாட்டுதற்குச் சில படச் சட்டங்கள். ஈற்றில், பின்வாசலுக்கு ஒரு கதவு நிலை. அது 100க்கு 75 மில்லிமீற்றர்.

கடதாசியே விடை கூறிற்று. றாக்கைத் தட்டுக்காகச் சறுக்கு வாள் வேண்டும். மற்றைய வேலைகளுக்கு அது வேண்டியதில்லை. 216 மில்லிமீற்றர்த் தகடு பெரும்பாலும் 60 முதல் 70 மில்லிமீற்றர் ஆழமே இறங்குமாதலின், 75 மில்லிமீற்றர் நிலைச்சட்டத்தை ஒரே வெட்டில் அறுக்காது. அந்த ஒரு நிலைக்காக 254 மில்லிமீற்றர் வாளுக்குப் போவதா? பாரமும் விலையும் கூடும். தகடு மாற்றுஞ் செலவும் கூடும். நிலையை ஆசாரியாரிடமே விடுவதென முடிவாயிற்று. கொழும்புப் பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்காரர், “ஐயா, வாங்கிறதை ஒரேயடியாப் பெரிசா வாங்குங்கோ” என்றார். கையில் அந்தக் கடதாசி இல்லாதிருந்தால் அவர் சொல்லுக்கு இசைந்திருத்தலும் கூடும்.

நிற்க. மலிவான வாள் ஏன் மலிவாகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். மோட்டாரின் வலுவில் மலிவுக்கும் உயர்வுக்கும் வேறுபாடு அத்துணை பெரிதன்று. தண்டுகளிலும், அவற்றைத் தாங்கும் பெயாரிங்குகளிலும், தடுப்பின் வார்ப்பிலும், உடன் வரும் தகட்டிலுமே செலவு பெரிதும் குறைக்கப்படுகின்றது. ஆதலின் வாங்குவோர் கண் அங்கேதான் செல்லவேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்றுண்டு. முதலாவது, மின்சாரம் இணைக்காமலே தலைப்பகுதியை முழுவதும் முன்னே இழுத்து, பிடியை ஒரு விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுக. சிறிது வளைந்து மீளுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். ‘டக்’ என்று இடறி ஆடுமாயின் அவ்வாளை வைத்துவிட்டு வருதலே நன்று. அந்த ஆட்டத்தை வீட்டில் எந்த ஆணியை முறுக்கியும் போக்குதல் அரிது. இரண்டாவது, ஒரு நேர்மட்டத்தைத் தடுப்பின் இரு பாதிகளோடும் சேர்த்துப் பிடிக்க. இரண்டும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். மூன்றாவது, மேடையை 45 பாகையில் இறுக்கிவிட்டுத் தள்ளிப் பார்க்க, அசையலாகாது.

இச்சிறு அசைவுகளுக்கு ஏன் இத்துணை அஞ்சவேண்டும் என்று கேட்கலாம். ஒரு படச் சட்டத்துக்கு நான்கு மூலைகள், எட்டு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகப் பிழைத்தால், கடைசி மூலையில் நான்கு பாகை சேர்ந்துவிடும். மூன்று மூலைகள் அழகாகப் பொருந்த, நான்காவது வாயைப் பிளந்து நிற்கும். றாக்கைத் தட்டிலோ, 280 மில்லிமீற்றர் அகலத்தில் அரைப் பாகை என்பது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர்.

வாள் வீட்டுக்கு வந்தபின் அதன் நேர்மையை அறிய எளிய வழியொன்று உண்டு. இரு ஓரமும் இணையான ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் மேற்புறம் கீழாகப் புரட்டி, இரண்டையும் தடுப்போடு ஒட்டி முட்டவைக்க. இடையில் ஒளி தெரியாவிடின் வாள் நேர். ஆப்பு வடிவில் இடைவெளி தெரிந்தால், அது வாளின் பிழையைப்போல் இரு மடங்கு. தடுப்பின் திருகாணிகளைத் தளர்த்தி, மூலைமட்டம் வைத்துத் திருத்தி, மீண்டும் அறுத்துப் பார்க்கலாம். அரை மணித்தியாலப் பிரயாசைதான். விலையுயர்ந்த வாளுக்கும் இது வேண்டியதே.

அடுத்தது தகடு. மலிவான வாளோடு வருவது பெரும்பாலும் பல் குறைந்த தகடு. விரைந்து அறுக்கும், ஆனால் ஓரத்தைச் சிதைக்கும். காபைட்டு முனையுள்ள 60 பல் தகடு ஒன்றைத் தனியே வாங்குவோருக்கு, அதே வாள் வேறொரு வாளாகத் தோன்றும். குறுக்கு வெட்டுக்கு, முன்சாய்வு குறைந்த பற்களே ஏற்றவை. மிகுந்த முன்சாய்வுள்ள பல் மரத்தைக் கவ்வி இழுக்கும். நடுத்துளையின் அளவையும், தகட்டிற் பொறித்த உச்சச் சுழற்சி வேகம் வாளின் வேகத்துக்குக் குறையாமையையும் அவதானிக்க. முதிரையும் பாலையும் போன்ற வைரம் பாய்ந்த எம் நாட்டு மரங்களை அறுக்கையில் அவசரம் கூடாது. தகடு தன் வேகத்தில் தின்னட்டும்.

வெளிநாட்டு உறவினரிடம் வாள் கேட்கும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. கனடாவில் விற்பது 120 வோல்ற்றுக்குரியது. எம் வீடுகளில் வருவது 230 வோல்ற்று. 15 அம்பியர் இழுக்கும் அவ்வாளுக்கு 1,800 வாற்றுக்கு மேற்பட்ட நிலைமாற்றி தேவை. அதன் விலையும் பாரமும் இலவசத்தின் இனிமையைக் கெடுத்துவிடும். அங்குள்ள 10 அங்குலத் தகட்டின் துளை ஐந்தெட்டு அங்குலம். ஐரோப்பிய அளவுத் தகடுகளிலோ பெரும்பாலும் 30 மில்லிமீற்றர். இங்கிலாந்திலிருந்து வருவது பொருந்தும். ஆனால் அங்குக் கட்டட வேலைத்தளங்களுக்கென விற்கும் 110 வோல்ற்றுக் கருவி அன்று என்பதை உறுதிப்படுத்திக்கொள்க.

இனி, பணத்தினும் பெரியது ஒன்றுண்டு. எம் ஊர் ஆசாரியார் ஒருவருக்கு இடக்கைச் சுட்டுவிரலில் நுனி இல்லை. வாள் வாங்கப்போகும் செய்தியைக் கேட்டு அக்கையை விரித்துக் காட்டி, “தம்பி, மெசினுக்கு மரமும் விரலும் ஒண்டுதான்” என்றார். அகலப் பலகையை அறுக்கையில் தலைப்பகுதியை முதலில் முன்னே இழுத்து, ஓடவிட்டு, இறக்கி, அப்பால் தள்ளியே அறுக்கவேண்டும். ஓடும் தகட்டை மரத்தினூடே தம்மை நோக்கி இழுத்தால் அது மரத்தின்மேல் ஏறிப் பாயும். கை தகட்டுக்கு 150 மில்லிமீற்றருக்குள் வரலாகாது. சிறு துண்டைக் கையாற் பிடியாது கிளாம்பினால் இறுக்குக. தகடு நின்றபின்பே தலையை உயர்த்துக. பலகையை நீளவாக்கில் கிழிக்க இவ்வாள் ஆகாது.

தூசியையும் அற்பமென எண்ணலாகாது. மரத்தூசியை 1995ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மனிதரிற் புற்றுநோய் விளைப்பவற்றின் முதலாம் வகுப்பிற் சேர்த்தது. கண்ணாடி, முகக்கவசம், காதடைப்பு மூன்றும் வாளின் விலையோடு சேர்த்தே எண்ணப்படவேண்டியவை. சறுக்குத் தண்டுகள் பின்னோக்கி நீளுமாதலின், சுவருக்கும் வாளுக்கும் இடையே ஓரடிக்கு மேல் வெளியும் விடவேண்டும். சிறு வீட்டில் அந்த இடமும் ஒரு செலவே.

படச் சட்டம் மட்டும் செய்ய விரும்புவோருக்கு இவையொன்றும் வேண்டா. கோணம் வெட்டிய மரப்பெட்டி ஒன்றும் நுண்பற் கைவாளும் போதும், ஓசையில்லை, மின்சாரமில்லை. எமக்கு றாக்கை இருந்தமையால், தண்டு ஆடாத ஒரு 216 மில்லிமீற்றர் வாளைத் தெரிந்தெடுத்தோம். பெரிய வாளை விட்டதனால் மிஞ்சிய பணத்தில் 60 பல் தகடும், இரண்டு கிளாம்புகளும், காப்புப் பொருள்களும் வந்துசேர்ந்தன. பின்வாசல் நிலையை ஆசாரியார் தம் கைவாளாலேயே இரண்டு நாளில் முடித்துத் தந்தார். றாக்கையின் ஐந்து தட்டுகளும் இப்போது புத்தகங்களின் பாரத்தைச் சுமந்து நேராக நிற்கின்றன. அவற்றை அறுத்த விரல்களும் பத்தாகவே இருக்கின்றன.