ஆற்றங்கரை வேலி

உள்ளே டிவி ஓடுவதால் இருவரும் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். அக்கா பன்னிரண்டாவது, தம்பி ஒன்பதாவது. கரையாம்புத்தூரிலிருந்து கொஞ்ச தூரம் சைக்கிள் மிதித்தால் தமிழ்நாடு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால், எல்லைக்கு அந்தப் பக்கத்து மாமா பிள்ளைகளின் பழைய நோட்டுகள் இப்போது உதவுவதில்லை.

காம்பஸில் பென்சில் ஆடாமலிருக்கக் காகிதம் மடித்துச் செருகியிருக்கிறான். அரைவட்டம் போடுகிறான். வளைவில் ஒரு புள்ளி. விட்டத்தின் இரு முனைகளுக்கும் கோடு. பாகைமானியில் 90. வேறு புள்ளி, மறுபடி 90. மூன்றாவதில் 89. அதை மட்டும் ரப்பரால் அழிக்கிறான்.

“ஏன் தொண்ணூறு வருதுன்னுதான் கேள்வி. அளக்கச் சொல்லல. சென்டர்லேர்ந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு.”

போடுகிறான். இரண்டு முக்கோணங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் ஆரம். அவள் வாயைத் திறக்கவில்லை. எந்த டியூஷனிலும் கிடைக்காத பொறுமை அது. அவன் உதடு அசைகிறது. சமமான கோணங்களை இரண்டிரண்டாகக் குறித்து, கூட்டி, 180ஐப் பாதியாக்குகிறான். “அக்கா! எங்க வச்சாலும் வரும்!”

அவள் கணக்கில் ஓர் ஆறு. 100 மீட்டர் கம்பி. ஆற்றுப் பக்கம் விட்டு மற்ற மூன்று பக்கமும் செவ்வகமாக அடைக்க வேண்டும். அதிகபட்சப் பரப்பு என்ன? டெரிவேட்டிவ் எடுத்துப் பூஜ்யத்துக்குச் சமமாக்குகிறாள். அகலம் 25, நீளம் 50, பரப்பு 1250. அதோடு விடவில்லை. ஓரத்தில் 24ஐயும் 26ஐயும் போட்டுப் பார்க்கிறாள். இரண்டிலும் 1248. உச்சி நடுவில்தான்.

“ஆத்துப் பக்கம் வேலி இல்லன்னா மாடு நிக்குமா?” என்கிறாள் ஆயா. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை மீறியதைப் பார்த்தவள்.

“இந்த ஆறு கரைய விட்டு வராது ஆயா. நேர்கோடு.”

தம்பி தன் நோட்டையும் அவள் நோட்டையும் மாறி மாறிப் பார்க்கிறான். “ஏங்க்கா, கம்பிய அரைவட்டமா வளச்சா?”

கேள்வி செவ்வகத்தைத்தான் கேட்கிறது. ஆனாலும் அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறாள். வளைவின் நீளம் 100 என்றால் ஆரம் 31.8, பரப்பு 1590க்கு மேல். அவனையே இன்னொரு முறை பெருக்கிப் பார்க்கச் சொல்லிப் பேனாவை நீட்டுகிறாள்.