எண்ணை அழித்துவிட்டு ஒரு கணக்கு

ஆசிரியர் பயிற்சியின்போது ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் என்னை விட்டார்கள். நீள அளவைப் பாடம். வகுப்பு டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: மாலாவின் ரிப்பன் 45 செ.மீ. அது ராணியின் ரிப்பனைவிட 12 செ.மீ. அதிகம். ராணியின் ரிப்பன் நீளம் என்ன?

பாதி வகுப்பு “57” என்று கத்தியது. ‘அதிகம்’ என்று வந்தால் கூட்டு, ‘குறைவு’ என்று வந்தால் கழி என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. 45ஐயும் 12ஐயும் அழித்தார். “இப்ப சொல்லுங்க, யார் ரிப்பன் பெருசு?” எண் போனதும் பிள்ளைகள் வாக்கியத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். “மாலாவோடது.” “அப்ப ராணியோடது 45ஐத் தாண்டுமா?” 57 சொன்ன குரல்கள் அடங்கிப்போயின.

அடுத்து, பழைய காலண்டர் தாளில் வெட்டிய இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். சிங்கப்பூரில் 1980களிலிருந்து பள்ளிக் கணக்கை இப்படிப் பட்டை வரைந்துதான் சொல்லித்தருகிறார்கள். டீச்சருக்குக் காலண்டர் தாளே போதுமாயிருந்தது. இடது ஓரம் இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். பிள்ளைகள் வலது முனையை மட்டும் பார்த்து எது நீளம் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். மிட்டாயைத் தின்றால் குறையும், காசைச் செலவழித்தால் குறையும். எட்டு வயதில் கழித்தல் என்றால் அவ்வளவுதான். இங்கே இரண்டு ரிப்பனும் முழுசாகக் கிடக்கின்றன. யாரும் எதையும் எடுக்கவில்லை. பிறகு எதைக் கழிப்பது? ஒரு பையன் இதை வாய்விட்டே கேட்டான். நல்ல கேள்வி. டீச்சர் நீளப் பட்டையில் துருத்திய பகுதியைப் பின்பக்கமாக மடித்தார். மிச்சம் ராணியின் பட்டையோடு அச்சாகப் பொருந்தியது. “மடிச்சது 12. மீதி?” “33!”

மறுநாள் வகுப்பை என்னிடம் தந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “விடையைக் கேக்காதம்மா. கணக்கை அவங்க வாயால சொல்லச் சொல்லு.” அப்படிச் சொல்லவைத்தால் வகுப்பு மெதுவாகத்தான் நகரும், ஒரு பாடவேளையில் மூன்று கணக்குக்கு மேல் ஓடாது. மூன்று போதும் என்பது என் கட்சி. ஆனால் எல்லாக் கணக்கும் பட்டையில் அடங்காது: 1 மீ. 20 செ.மீ. பெரிதா, 95 செ.மீ. பெரிதா என்று கேட்டால் 95 என்பார்கள். அங்கே பட்டை உதவாது, தையல்காரர் டேப்பை விரித்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் கணக்குச் சொல்லித்தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டலா கழித்தலா என்று கேட்பதற்கு முன், எது நீளம் என்று கேளுங்கள்.