கை கற்ற கல்வி

கற்றல் இருவகைப்படும். நூலின் வாயிலாகக் கற்பது ஒன்று. பொருளை நேரிற் கண்டும் தொட்டும் தெளிவது மற்றொன்று. முன்னது வழிகாட்டும், பின்னது அவ்வழி செவ்விதோ என ஆராய்ந்து உறுதி கூறும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் ஆந்திரேயஸ் வெசாலியஸ் என்னும் மருத்துவப் பேரறிஞர்.

வெசாலியஸ் 1514-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். மருத்துவம் பயிலும் வேட்கையால் 1533-இல் பாரிஸ் மாநகரை அடைந்தார். அந்நாளில் மருத்துவ மாணவர்க்கு மறுக்கலாகா மறையாக விளங்கியவை கேலனுடைய நூல்கள். கேலன் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். மனித உடலை அறுத்து ஆராய்தல் அவர் காலத்து வழக்கன்று. ஆதலின் அவர் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றையே பெரும்பாலும் மனித உடலுக்கும் ஏற்றி உரைத்தார்.

பாடம் நிகழ்ந்த முறையோ விந்தையானது. ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலைப் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுத்துக் காட்டுவார். படிப்பவர் தொடுவதில்லை, தொடுபவர் படித்ததில்லை. சூழ நின்ற மாணவர் காண்பது சிறிது. தெளிவது அதனினும் சிறிது.

இந்நிலையில் வெசாலியஸும் அவர்தம் தோழரும் தமக்கென ஒரு பள்ளியைத் தேடிக்கொண்டனர். ‘மாசற்றோர் இடுகாடு’ எனப் பொருள்படும் பெயருடைய பழைய இடுகாடு ஒன்று அந்நகரில் இருந்தது. அங்கே மனித எலும்புகள் மிகுதியாகக் கிடந்தன. மாணவர் அங்குச் சென்று நெடும்பொழுது எலும்புகளை எடுத்தெடுத்து ஆராய்ந்தனர். நகர்ப்புறத்தே இருந்த மற்றொரு கொலைக்களத்திற்குச் சென்றபோது, கொடிய நாய்கள் சூழ்ந்துகொள்ள, வெசாலியஸும் உடன்சென்ற தோழரும் பேரிடருக்கு உள்ளாயினர். எனினும் அவர்தம் ஊக்கம் குன்றவில்லை.

கற்றதைச் சோதிக்க அவர்கள் ஒரு போட்டியை அமைத்தனர். கண்ணைத் துணியாற் கட்டிக்கொள்ளுதல் வேண்டும். தோழர் கையில் தரும் எலும்பு இன்னதெனத் தொட்டுணர்ந்தே கூறுதல் வேண்டும். அரைமணி நேரம் இவ்வாறு மாற்றி மாற்றித் தந்தும், அவர்களால் அறியவொண்ணாத எலும்பு ஒன்றேனும் இல்லை என்னும் அளவிற்குத் தேர்ச்சி பெற்றனர்.

இஃது எளிய செயல் அன்று. வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. தொடையெலும்பின் தலை பந்துபோல் உருண்டு உட்புறம் நோக்கியிருக்கும். அதனைக்கொண்டே அது வலத்தொடையதோ இடத்தொடையதோ எனத் துணியலாம். முன்கையின் இரண்டெலும்புகளுள் ஒன்றன் மேல்முனை வட்டத் தட்டுப்போல் இருக்கும். மற்றதன் மேல்முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளோ கூழாங்கற்களை ஒத்து மயக்கம் விளைக்கும். கண்ணின் உதவியின்றி இவற்றைப் பிரித்தறிய விரல்நுனியே அறிவாதல் வேண்டும்.

எலும்பை அறிந்தவர்க்குத் தசையின் கல்வி எளிதாகும். தசைகள் பற்றிய இடங்கள் பலவற்றில் எலும்பின்மேல் மேடும் சொரசொரப்பும் காணப்படும். தசை இழுக்கவல்லது, தள்ளும் ஆற்றல் அதற்கில்லை. மேற்கையின் முன்புறத் தசை சுருங்கின் முழங்கை மடங்கும். பின்புறத் தசை சுருங்கின் நீளும். இத்தகைய நுட்பங்களை நாவிதர் கத்தி காட்டவில்லை. எனவே, தாம் கண்ட மூன்றாம் உடலறுவையின்போது, தோழரும் ஆசிரியரும் தூண்ட, வெசாலியஸ் தாமே கத்தியைக் கையில் ஏந்தினார்.

1537-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இத்தாலியில் உள்ள பதுவா நகரில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். மறுநாளே அங்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். ஆயினும் பழைய நூலின் பிடியினின்று அவர் உடனே விடுபட்டிலர். 1538-இல் தாம் வெளியிட்ட உடற்கூற்றுப் படங்களிற் கேலன் கூற்றையே பல இடங்களிற் பின்பற்றினார். பின்னர்த் தம் கையே தமக்குத் தவற்றை உணர்த்தியது. கீழ்த்தாடை ஈரெலும்பாலாயது என்றது நூல். மனிதன் தாடையோ ஓரெலும்பே. மார்பெலும்பு ஏழு பகுதியுடையது என்றது நூல். மனிதனுக்கு உள்ளவை மூன்றே.

இவ்வுண்மைகளையெல்லாம் திரட்டி, 1543-இல் ‘மனித உடலின் அமைப்பு’ என்னும் பொருளுடைய பெருநூலைப் பாசல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். அதன் ஏழு பகுதிகளுள் முதலாவது எலும்புகளையும், இரண்டாவது தசைகளையும் விளக்குகின்றது. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தெட்டே.

அந்நூல் கண்டு அவருக்குப் பாரிஸில் கற்பித்த சில்வியஸ் என்னும் ஆசிரியர் வெகுண்டார். கேலன் பிழைபட்டார் என ஒப்ப மனமின்றி, அவர் காலத்திற்குப் பின் மனித உடலே மாறியிருத்தல் வேண்டும் என வாதிட்டார். மாணவரைப் பித்தர் எனவும் இகழ்ந்தார். ஆசிரியரின் சினம் மாணவர்க்கு வருத்தம் தருவதே. எனினும், தாம் கண்ட உண்மையை அதன்பொருட்டு மறைக்க வெசாலியஸ் இசைந்திலர்.

அவர் கேலனை வெறுத்தவரும் அல்லர். 1541-இல் வெனிஸ் நகரில் வெளிவந்த கேலன் நூற்பதிப்பைத் திருத்தமுறச் செய்வதில் அவரும் பங்குகொண்டு உழைத்தார். முன்னோர் நூலைப் பழுதறக் கற்றமையாலேயே அதன்கண் உள்ள பழுதையும் அவர் காண முடிந்தது.

கண்கட்டிய அப்போட்டியில் தாம் ஈடுபட்டதற்குரிய காரணத்தை வெசாலியஸே குறித்துள்ளார். அத்துறையில் தமக்கு உதவத்தக்க ஆசிரியர் இன்மையால் அவ்வாறு உழைக்க நேர்ந்தது என்பது அவர் கருத்து. குறை எனப் பிறர் சோர்ந்திருக்கும் இடத்தில் அவர் முயற்சியைத் தொடங்கினார். ஆசிரியரை மதித்தல் வேறு. அவர் கூற்றை ஆராயாது ஏற்றல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, நூலைக் கற்பதோடு பொருளையும் கையாற் கற்பாரே கல்வியின் முழுப்பயனை எய்துவர்.